பெட்டியை மாற்றுமுன் ஈரத்தைத் தேடுங்கள்

மாரி தொடங்கிவிட்டால் என்னிடம் வரும் கார்களின் நோயே மாறிவிடும். வெயில் காலத்தில் ஏசி குளிரவில்லை, என்ஜின் சூடேறுகிறது என்று வருவார்கள். ஐப்பசியில் நாலு மழை விழுந்ததும் கதை வேறு. கதவு தானாகப் பூட்டுகிறது, உள் லைற் அணையவில்லை, ஒரு பக்கச் சிக்னல் படபடவென்று அடிக்கிறது, வைப்பர் போடாமலே ஓடுகிறது, காலையில் பற்றரி செத்துக் கிடக்கிறது. இப்படி வருபவர்களில் பலர் வேறெங்கோ காட்டிவிட்டு, "பொடி கொன்ட்ரோல் மொடியூல் போயிட்டுதாம், மாத்தச் சொல்றாங்க" என்ற தீர்ப்போடுதான் தம்பலகாமத்தில் என்னிடம் வருகிறார்கள்.

அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் பிழை. சில நேரம் சரியாகவும் இருக்கும். சரியாக இருக்கும்போதுகூடக் காரணம் அந்த மொடியூல் பெட்டிக்கு வெளியேதான் இருக்கிறது. அந்தக் காரணத்தை விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் மாற்றினால் அடுத்த மாரியில் அதே கார், அதே நோயோடு திரும்பி வரும். உழைத்த காசு வீணாகப் போவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். வயரிங் வேலை செய்யும் தம்பிமாருக்கும், கார் வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நம்மூர்ப் பக்கம் இன்னும் ஒன்றிரண்டு மொறிஸ் மைனர் ஓடுகிறது. அதில் லைற் சுவிட்சைப் போட்டால் கரண்ட் அந்தச் சுவிட்சுக்குள்ளாலேயே லைற்றுக்குப் போகும். எரியவில்லையா, வயரைப் பிடித்துக்கொண்டே போனால் அறுந்த இடம் கைக்கு வரும். இப்போதைய கார் அப்படியல்ல. சுவிட்ச் ஒரு தகவலை மட்டும் கொடுக்கிறது. டாஷ்போட்டுக்கு அடியில், பியூஸ் பெட்டியோடு ஒட்டியோ அதற்குள்ளேயோ இருக்கும் ஒரு சிறு கணினி அந்தத் தகவலை வாங்கி, எந்த றிலேயை இழுப்பது, எந்த லைற்றை எரிப்பது, எந்தக் கதவைப் பூட்டுவது என்று முடிவெடுக்கிறது. டொயோட்டாக்காரர் இதை மெயின் பொடி ஈசியூ என்பார்கள். ஹொண்டாவில் உள் பியூஸ் பெட்டிக்குள்ளேயே இருக்கும், பெயர் மைக்யூ. நிசானில் பிசிஎம். பெயர்தான் வேறு, வேலை ஒன்று. என்ஜின் கணினி, மீற்றர் போட், ஏர்பேக் இவற்றோடெல்லாம் இந்தப் பெட்டி முறுக்கிய இரண்டு வயர்கள் வழியாகப் பேசுகிறது. கான் என்று நாங்கள் சொல்லும் இந்தப் பேச்சு முறையை ஜேர்மனியின் பொஷ் நிறுவனம் 1986இல் வெளியிட்டது. ஒவ்வொரு தகவலுக்கும் தனித்தனி வயர் இழுக்கும் வேலை அதனால் குறைந்தது.

வயல் செய்பவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். இந்தப் பெட்டி வட்டவிதானை மாதிரி. தண்ணீர் அவருடையதல்ல, கந்தளாய்க் குளத்தினுடையது. எந்த வாய்க்காலை எப்போது திறப்பது என்பதுதான் அவருடைய வேலை. வயலுக்குத் தண்ணீர் ஏறவில்லை என்றால் யாராவது முதல் வேலையாக வட்டவிதானையை மாற்றுவார்களா? குளத்தில் தண்ணீர் இருக்கிறதா, வாய்க்கால் உடைந்திருக்கிறதா, நண்டு துளைத்த வரம்பு எது என்றுதான் பார்ப்பார்கள். காருக்கும் அதே ஒழுங்கு வேண்டும்.

இந்த நோய் இப்போது ஏன் இவ்வளவு பரவலாக இருக்கிறது என்பதற்கும் காரணம் உண்டு. 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரி முதலாம் திகதிதான். ஏறக்குறைய ஐந்து வருடம் புதுக் கார் உள்ளே வரவில்லை. ஜப்பானில் ஓடித் தீர்ந்து ரீகண்டிஷனாக இங்கே வந்த கார்கள், இங்கேயும் இன்னொரு ஆயுள் ஓடிக்கொண்டிருக்கின்றன. இடையில் 2022 வந்தது. டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை ஏறியது. பெற்றோல் வரிசை, பிறகு கியூஆர் அட்டைக்குப் பங்கீடு. எத்தனையோ கார்கள் மாதக்கணக்கில் மரத்தடியில் நின்றன. நின்ற காரில் பற்றரி சாகும், எலி குடியேறும், வடிகால் ஓட்டைகளில் இலை அடையும். அந்த மரத்தடிக் காலத்தின் பலனை இப்போதும் நான் டாஷ்போட்டுகளுக்கு அடியில் காண்கிறேன்.

இனி ஒரு காரின் கதை. ஓய்வு பெற்ற பாடசாலை அதிபர் ஒருவருடையது, ஜப்பான் ரீகண்டிஷன் செடான். எந்தக் கம்பனி என்பது இங்கே தேவையில்லை. பிழை கம்பனியுடையதல்ல.

"தம்பி, ராவு ரெண்டு மணிக்குக் கதவு டக் டக் எண்டு பூட்டுது. எழும்பிப் போய்ப் பார்த்தா ஆருமில்லை. உள்ளுக்கு லைற் எரியுது. விடிஞ்சா ஸ்டார்ட் இல்லை" என்றார்.

"பற்றரி மாத்தினீங்களா, சேர்?"

"புதுசு போட்டாச்சு. அதுவும் படுத்திட்டு. ரவுணில ஸ்கேன் பண்ணிப் பார்த்துட்டு பெட்டி போச்சாம் எண்டு சொல்றாங்க. பெட்டி விலை எண்ட பென்சனை விடக் கூட."

"பெட்டி வாங்காதீங்க, சேர். காரை இங்க விட்டுட்டுப் போங்க. அவசரப்படாம அளந்து பார்ப்பம்."

அளப்பது என்ற சொல்லை வேண்டுமென்றேதான் சொன்னேன். ஸ்கேனர் ஒரு நல்ல கருவி, ஆனால் அது பெட்டி சொல்வதைத்தான் நமக்குச் சொல்லும். பெட்டிக்கு வரும் கரண்ட் குறைந்தால் அது தடுமாறிப் பேசும். அந்தத் தடுமாற்றத்தையே ஸ்கேனர் பிழைக் குறியீடாகக் காட்டும். யூ 0140 என்று வந்தால் பொடி கொன்ட்ரோல் மொடியூலோடு தொடர்பு அறுந்துவிட்டது என்று பொருள். மொடியூல் செத்துவிட்டது என்று பொருளல்ல. பியூஸ் எரிந்தாலும், எர்த் விட்டாலும், கான் வயர் அறுந்தாலும் அதே குறியீடுதான் வரும். இதைத் தெரியாமல் குறியீட்டை வாசித்தவுடன் பெட்டிக்கு விலை கேட்கும் பழக்கம்தான் இந்தத் தொழிலை இன்று கெடுக்கிறது. இன்னொன்று, கைத்தொலைபேசியோடு புளூடூத்தில் பேசும் சின்ன மலிவுக் கருவிகள் பெரும்பாலும் என்ஜின் பக்கக் குறியீடுகளை மட்டுமே வாசிக்கும். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த பல கார்களோடு அவை ஒழுங்காகப் பேசுவதுமில்லை. பொடிப் பக்கக் குறியீடுகளைப் பார்க்க அதற்குரிய ஸ்கேனர் வேண்டும்.

முதலில் பற்றரி. நன்றாகச் சார்ஜ் ஏற்றி, சில மணிநேரம் சும்மா விட்டு அளந்தேன். 12.6 வோல்ட். சுகமான பற்றரி. ஸ்டார்ட்டர் சுற்றும்போது 10க்கு மேல் நின்றது. என்ஜின் ஓடும்போது 14.1. ஓல்டனேற்றரும் சரி. சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழும் பற்றரியோடு பொடி மொடியூலைச் சோதிப்பது வீண் வேலை. அந்தக் கணத்தில் கணினிகள் எல்லாம் தட்டுத்தடுமாறி ஆளுக்கொரு குறியீட்டை எழுதி வைக்கும்.

அடுத்தது எர்த். தம்பலகாமக் குடாப் பக்கமும் கிண்ணியாப் பக்கமும் ஓடும் வாகனங்களில் நான் முதலில் கை வைப்பது எர்த் போல்ட்டுகளில்தான். உப்புக் காற்று அந்த இடத்தைச் சும்மா விடாது. வெளியே போல்ட் பளபளவென்று இருக்கும், கழற்றினால் அடியில் பச்சைப் பூஞ்சணம் போலக் களிம்பு. இதை ஓம் மீற்றரால் அளந்து பயனில்லை. ஒரேயொரு நூலில் தொங்கும் வயரும் ஓம் மீற்றருக்கு நல்ல வயர்தான். லைற்றுகளையும் பின் கண்ணாடிச் சூடாக்கியையும் போட்டு, கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது பற்றரி மைனசுக்கும் பெட்டியின் எர்த் முனைக்கும் இடையே வோல்ட் அளக்க வேண்டும். 0.1 வோல்ட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். இந்தக் காரில் 0.03. எர்த் நன்றாக இருந்தது. பெட்டிக்கு வரும் பிளஸ் வயர்களுக்கும் இதே நியாயம்தான். மீற்றரை மட்டும் நம்பாமல் ஒரு 21 வோட் பிரேக் பல்பை அந்த முனைக்கும் எர்த்துக்கும் பிடித்தேன். முழு வெளிச்சத்தோடு எரிந்தது. என் பெட்டகத்தில் வயர் கட்டிய ஒரு பிரேக் பல்ப் எப்போதும் இருக்கும். அதைப் போல உண்மை பேசும் கருவி குறைவு.

பிறகு கான் வயர்கள். பற்றரியைக் கழற்றிவிட்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஸ்கேனர் சொக்கற்றின் 6ஆம், 14ஆம் முனைகளுக்கிடையே ஓம் அளந்தால் 60க்குக் கிட்ட வர வேண்டும். இரு முனையிலும் தலா 120 ஓம் தடை இருப்பதால் இந்தக் கணக்கு. 120 காட்டினால் ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. பூச்சியத்துக்குக் கிட்ட வந்தால் இரண்டு வயரும் எங்கோ முட்டிக்கொண்டிருக்கின்றன. இங்கே 61. அதுவும் சுகம்.

இனித்தான் அசல் வேலை. கார் தூங்குகிறதா இல்லையா?

இன்றைய கார் பூட்டியவுடன் தூங்குவதில்லை. கணினிகள் ஒவ்வொன்றாக அடங்க 20, 30 நிமிடம், சில கார்களில் அதற்கு மேலும் ஆகும். அதற்குப் பிறகு இழுக்கும் கரண்ட் 50 மில்லியம்பியருக்குக் கீழே இருக்க வேண்டும். பொனற்றைத் திறந்து வைத்து, கதவுப் பூட்டின் நாக்கை ஸ்குரூ டிரைவரால் மடக்கிக் கதவு மூடியிருப்பதாகக் காரை நம்ப வைத்து, மீற்றரைத் தொடரில் போட்டுவிட்டு நான் தேநீருக்குப் போய்விட்டேன். பொறுமையில்லாதவருக்கு இந்தச் சோதனை சரிவராது. திரும்பி வந்து பார்த்தபோதும் மீற்றர் 0.6 அம்பியரில் நின்றது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு 14 அம்பியர்-மணி. இந்தக் காரின் 46பி24 பற்றரியின் முழுக் கொள்ளளவே ஏறக்குறைய 45 அம்பியர்-மணிதான். இரண்டு இரவு தாண்டினால் ஸ்டார்ட்டரைச் சுற்ற என்ன மிஞ்சும்? அதிபர் பற்றரியைக் குறை சொன்னது அநியாயம்.

யார் குடிக்கிறார்கள் என்று தேட எல்லாரும் பியூஸைக் கழற்றுவார்கள். நான் கழற்றுவதில்லை. ஒரு பியூஸைக் கழற்றிப் போட்டால் தூங்கிய கணினி விழித்துக்கொள்ளும், அளவு குழம்பிவிடும். பிளேட் பியூஸின் முதுகில் இரண்டு சிறு உலோகப் புள்ளி தெரியும். மீற்றரை மில்லிவோல்ட்டில் வைத்து அந்த இரண்டையும் தொட்டால் போதும். கரண்ட் ஓடாத பியூஸ் பூச்சியம் காட்டும். ஓடும் பியூஸ் காட்டிக்கொடுத்துவிடும். 10 அம்பியர் சிறு பியூஸில் அரை அம்பியர் ஓடினால் 4 மில்லிவோல்ட் அளவில் வரும். பியூஸ் பெட்டி மூடியில் எழுதியிருப்பது ஜப்பானிய எழுத்து. அதைக் கைத்தொலைபேசியின் கூகுள் லென்ஸில் காட்டி வாசித்துக்கொண்டே ஒவ்வொன்றாகத் தொட்டேன். உள் லைற்றுக்கும் பொடி மொடியூலுக்கும் போகும் பியூஸ்களில்தான் மில்லிவோல்ட் ஏறியது.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உள் லைற் பியூஸில் கரண்ட் இழுத்தால் முதல் சந்தேகம் பெட்டி மேல் வரக்கூடாது, ரேடியோ மேல் வர வேண்டும். ஜப்பான் ரேடியோ 76 மெகாஹேர்ட்ஸில் தொடங்கும் எப்எம் வரிசைக்குச் செய்தது. நம் அலைவரிசைகளில் பெரும்பாலானவை அந்த வரிசை முடியும் இடத்துக்கு மேலே. அதனால் கார் இங்கே வந்ததும் யாராவது ரேடியோவைக் கழற்றிவிட்டு அன்ட்ரொயிட் செற் போடுவார்கள். பின்பக்கக் கமரா, அலாரம், பகல் லைற் என்று ஒவ்வொன்றும் ஏறும். வயரை எங்கே கடிப்பது? கைக்கு எட்டும் உள் லைற் வயரில்தான். பலமுறை நோய் அந்த ஒட்டு வேலையோடு தீர்ந்துவிடும், பெட்டியைத் தொடவே தேவையில்லை. இந்தக் காரின் செற்றைக் கழற்றிப் பார்த்தேன். கரண்ட் குறையவில்லை.

ஸ்கேனரை இப்போதுதான் எடுத்தேன், குறியீடு வாசிக்க அல்ல. பெட்டி இந்தக் கணம் எதைப் பார்க்கிறது என்று காட்டும் பக்கம் ஒன்று அதில் இருக்கிறது. நாலு கதவும் இறுக்க மூடியிருந்தன. பெட்டியோ சாரதிக் கதவு திறந்திருக்கிறது, மூடியிருக்கிறது, திறந்திருக்கிறது என்று மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தது. இரவு இரண்டு மணிக்கு நடந்தது இதுதான். கதவு திறந்ததாக நினைத்து லைற்றை எரித்திருக்கிறது. பிறகு மூடியதாக நினைத்துத் தானே பூட்டியிருக்கிறது. தூங்கவே இல்லை.

இப்போது கேள்வி சுருங்கிவிட்டது. கதவுச் சுவிட்ச் பொய் சொல்கிறதா, இடையில் வயர் பொய் சொல்கிறதா, பெட்டி பொய் சொல்கிறதா? கதவுச் சுவிட்ச் வேலை செய்யும் விதம் மிக எளியது. பெட்டி அந்த வயரில் ஒரு தடையின் ஊடாக வோல்ட் வைத்திருக்கும். கதவு திறந்தால் சுவிட்ச் அந்த வயரை எர்த்தோடு சேர்க்கும், வோல்ட் விழும், பெட்டிக்குச் செய்தி போய்விடும். சொக்கற்றைப் பெட்டியிலிருந்து பிடுங்கி வயர்ப் பக்கத்தை அளந்தேன். கதவு மூடியபோது முழுத் துண்டிப்பு, திறந்தபோது பூச்சிய ஓம். வயரை ஆட்டினேன், இழுத்தேன். மாறவில்லை. ஆக, சுவிட்சும் வயரும் சத்தியவான்கள். வயரில்லாமல் பெட்டியின் முனையில் மட்டும் அளந்தேன். பற்றரி அளவு வோல்ட் நிற்க வேண்டிய இடத்தில் 3க்கும் 5க்கும் இடையே ஏறி இறங்கியது. தலைமுடி காய வைக்கும் சூட்டுக் காற்றைச் சற்று நேரம் பிடித்தேன், வோல்ட் மெல்ல ஏறியது. ஈரம்!

பெட்டியின் மூடி இரண்டு கொக்கியில் நிற்கும். திறந்தபோது கண்டதைச் சொல்கிறேன். பச்சைத் தகட்டின் ஒரு மூலையில், சொக்கற் முனைகள் பாயும் இடத்தில், சீனி தூவியது போல வெள்ளைப் படிவு. அதன் ஓரத்தில் நீலப்பச்சை. மயிரிழை போன்ற ஒரு செப்புப் பாதை பாதியில் கரைந்து காணாமல் போயிருந்தது. பக்கத்துச் சிறு பாகமொன்றின் கால்கள் இரண்டு கறுத்து அரித்திருந்தன. நிறுத்தி வைத்த காரில் ஏன் இப்படி அரிக்கிறது என்று பலர் கேட்பார்கள். காரை நிறுத்தினாலும் இந்தப் பெட்டிக்குள் 12 வோல்ட் நிற்கத்தான் செய்யும். கதவுப் பூட்டு, தூரச் சாவி இவற்றுக்காக அது எந்நேரமும் காத்திருக்க வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர், பக்கத்தில் 12 வோல்ட் முனை, மறுபக்கம் எர்த் முனை. செம்பு கரைய வேறென்ன வேண்டும்?

ஐசோபுறோப்பைல் அல்ககோலும் மென்மையான பல்துலக்கியும் கொண்டு கழுவி உலர்த்தினால் ஆரம்ப நிலையில் பல பெட்டிகள் பிழைத்துக்கொள்ளும். படிவு மட்டும் இருந்து செம்பு கெடாமலிருந்தால் அதைத்தான் செய்வேன். கரைந்த பாதைக்கு மெல்லிய வயரைச் சோல்டர் பண்ணிப் பாலம் போடவும் முடியும். ஆனால் பாகத்தின் கால் அரித்து, தகட்டின் உள் அடுக்குக்குப் போகும் துளையும் கறுத்துவிட்டால் என் தீர்ப்பு: மாற்றுங்கள். இந்தப் பெட்டி முன் லைற்றையும் வைப்பரையும் ஆள்கிறது. மழை இரவில் ஹபரணைக் காட்டுப் பாதையில் லைற் அணைந்தால் யானைக்கும் காருக்கும் இடையே எதுவும் இல்லை.

மாற்றுவது என்று முடிவானால் அதற்கும் ஒழுங்கு உண்டு. பெட்டியில் ஒட்டியிருக்கும் இலக்கத்தைக் கடைசி எழுத்து வரை பொருத்த வேண்டும். ஒரே மொடல், ஒரே வருடம், பார்க்க ஒரே பெட்டி என்பது போதாது. ஒன்றில் மூடுபனி லைற் இருக்கும், மற்றதில் இராது. ஒன்று ஸ்மார்ட் கீ காருக்கு, மற்றது சாதாரணச் சாவிக்கு. கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய பெட்டி கிடைக்கும். கடைக்காரரிடம் இலக்கத்தின் படத்தை மட்டும் கேட்காதீர்கள். மூடியைத் திறந்து உள்ளே எடுத்த படமும், சொக்கற் முனைகளைக் கிட்டத்தில் எடுத்த படமும் கேளுங்கள். வெள்ளத்தில் நின்ற காரின் பெட்டியும் அதே விலைக்கு விற்கும். அதிபருக்கு நாங்கள் தெரிந்தெடுத்த பெட்டி இரவு பஸ்ஸில் பார்சலாக வந்து இறங்கியது.

வேலை செய்யும்போது பற்றரி மைனஸைக் கழற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஏர்பேக் காரணமாகக் குறைந்தது 90 விநாடி என்று கைநூல்கள் சொல்லும். நான் அதைவிட நிறையவே விடுவேன். டாஷ்போட்டுக்கு அடியில் மஞ்சள் நிறச் சொக்கற்றுகள் தெரியும். அவை ஏர்பேக்குடையவை. கை வைக்க வேண்டாம், மீற்றர் முனையும் வைக்க வேண்டாம். கழற்றுமுன் ஒவ்வொரு சொக்கற்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நிறத்தில் இரண்டு இருக்கும்.

பெட்டியைப் பொருத்தியதும் வேலை முடிந்துவிடாது. பழைய பெட்டிக்கு ஞாபகம் உண்டு. அது எந்தக் காரில் இருந்ததோ அந்தக் காரின் தூரச் சாவி, பூட்டும் விதம், லைற் எத்தனை விநாடியில் அணைய வேண்டும் என்பதெல்லாம் எட்டுக் கால் கொண்ட ஒரு சிறு சில்லில் எழுதப்பட்டிருக்கும். சில கார்களில் திருட்டுத் தடுப்பும் இதே பெட்டிக்குள் இருக்கும். அப்படியான காரில் வேறொரு பெட்டியைப் போட்டால் ஸ்டார்ட்டே ஆகாது. ஒன்றில் கம்பனி ஸ்கேனரால் சாவிகளைப் புதிதாகப் பதிய வேண்டும், அல்லது கழற்றிய பெட்டியின் சில்லை எடுத்து, போடும் பெட்டியின் தகட்டில் வைக்க வேண்டும். கடைசி வேலை நுண்ணியது. சூட்டுக் காற்றுச் சோல்டரில் கை பழகாதவர் தொடக்கூடாது. ஐரோப்பியக் கார்கள் பலவற்றில் காரின் சேசி இலக்கத்தையே பெட்டிக்குள் எழுதிப் பூட்டியிருப்பார்கள். பழைய பெட்டி வாங்குமுன் இதை விசாரித்தே ஆக வேண்டும். அதிபரின் காரில் திருட்டுத் தடுப்பு வேறு பெட்டியில் இருந்ததால் தூரச் சாவியை மட்டும் பதிந்தோம். சில காரில் கிலோமீற்றர் கணக்கும் இப்படிப் பெட்டியில் நிற்கும். அதைக் குறைத்துத் தரச் சொல்லிக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். அது அடுத்து வாங்குபவரை ஏமாற்றுவது, நான் செய்வதில்லை.

சரி, தண்ணீர் எங்கிருந்து வந்தது? இதைக் கண்டுபிடிக்காமல் காரைத் திருப்பிக் கொடுப்பது பாவம்.

ஒருவர் உள்ளே ரோர்ச்சோடு படுத்திருக்க, இன்னொருவர் வெளியே பைப்பில் மெதுவாகத் தண்ணீர் விட வேண்டும். கீழிருந்து தொடங்கி, ஒவ்வொரு இடத்திலும் சற்று நின்று, மேலே ஏற வேண்டும். மேலிருந்து ஊற்றினால் எல்லா இடமும் ஒன்றாய் நனைந்து ஒன்றும் தெரியாது. சந்தேகமான மூலைகளில் பவுடர் தூவி வைத்தால் சொட்டு ஓடிய கோடு தெளிவாகத் தெரியும். முன் கண்ணாடியின் வலது கீழ் மூலைக்கு வந்தபோது உள்ளேயிருந்த பையன், "அண்ண, வருது வருது" என்று கத்தினான். திருகோணமலை வீதியில் டிப்பர் லொறி தெறித்த கல்லில் வெடித்த கண்ணாடியை முன்பொரு முறை மாற்றியிருக்கிறார்கள். அந்த மூலையில் விரலளவு இடத்துக்குப் பசை பிடிக்கவில்லை. உள்ளே வந்த தண்ணீர் தரையில் சொட்டவில்லை, வயர்க் கட்டைப் பிடித்துக்கொண்டு வழிந்து நேரே பெட்டியின் சொக்கற்றுக்குள் இறங்கியிருக்கிறது. அதனால்தான் கார்ப்பெற் காய்ந்தே இருந்தது, அதிபருக்குச் சந்தேகமே வரவில்லை. வெளியே சிலிக்கோன் பூசி மூட வேண்டாம் என்று சொல்லி, கண்ணாடியை எடுத்துப் பழைய பசையைச் சுரண்டி முழுச் சுற்றும் மறுபடி ஒட்ட வைத்தோம். வயர்க் கட்டையும் பெட்டிக்கு வருமுன் ஒரு வளைவு கீழே தொங்கி மேலேறும்படி கட்டினேன். இனிமேல் தண்ணீர் வந்தாலும் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும்.

அன்று மாலை தூக்கக் கரண்ட் 18 மில்லியம்பியர்.

நம் பகுதிக்கென்று வேறு சில காரணங்களும் உண்டு. அறுவடை நாட்களில் இயந்திரம் கிளப்பும் பதரும் உமித்தூசும், வீதியோரம் காயும் நெல்லின் சுணையும் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் காற்று வாயில் போய்ப் படியும். வேப்பம் இலையும் சேர்ந்தால் வடிகால் ஓட்டை அடைத்துவிடும். மழைத் தண்ணீருக்கு உள்ளே வருவதைத் தவிர வேறு வழியில்லை. ஏசித் தண்ணீர் வெளியேறும் குழாயும் இதே தூசால் அடைபடும். அப்போது முன் இடது பக்கக் கார்ப்பெற் ஊறும். அறுவடை முடிந்து வயல் வெறுமையானதும் எலி வீட்டுப் பக்கம் வரும். கார் அதற்கு நல்ல இடம். சிலர் காரின் உட்புறத்தைப் பைப் பிடித்துக் கழுவுகிறார்கள். தயவு செய்து வேண்டாம். பொடி வேலைக்காரர் வெல்டிங் பிடிக்குமுன் பற்றரியைக் கழற்றச் சொல்லுங்கள், பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

படித்த பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வர வேண்டும். மொரட்டுவையில் இலங்கை ஜேர்மன் தொழினுட்பப் பயிற்சி நிறுவகம் இருக்கிறது, தொழிற்பயிற்சி அதிகார சபை நிலையங்கள் இருக்கின்றன. ஓமின் விதியைப் பரீட்சைக்குப் பாடமாக்கிய பிள்ளை அதையே ஒரு பிரேக் பல்பை வைத்துச் செய்து பார்த்தால், கிண்ணியாவிலும் முள்ளிப்பொத்தானையிலும் கந்தளாயிலும் அவனுக்கு வேலை காத்திருக்கிறது. இறக்குமதி திறந்துவிட்டது, இனி வருவதெல்லாம் இன்னும் அதிகக் கணினி உள்ள கார்கள்.

கார் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். புரட்டாதியில், மழைக்கு முன், கண்ணாடிக்குக் கீழே இருக்கும் இலை தழையை அள்ளி எடுங்கள். முன் கார்ப்பெற்றுக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள். உங்கள் காரின் பெட்டி போய்விட்டது என்று யாராவது சொன்னால் கோபிக்காமல் மூன்று கேள்வி கேளுங்கள்: தூங்கும்போது எத்தனை மில்லியம்பியர் இழுக்கிறது, எர்த்தில் எத்தனை வோல்ட் விழுகிறது, பெட்டிக்குள் திறந்து பார்த்தீர்களா? அளந்தவர் அளவைக் காட்டுவார். அளவு இல்லாமல் பெட்டிக்குக் காசு கொடுக்காதீர்கள். கொடுத்து மாற்றினால், கழற்றிய பழைய பெட்டியைக் கேட்டு வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சாவியின் ஞாபகம் அதற்குள்தான் இருக்கிறது.